முப்பது கோடுகள்

பால்பல் ஒன்று கைக்கு வந்தால் உத்தமன் முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். புதிதாகச் சேரும் மாணவர்கள் இதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும், அதில் விஷயம் இருக்கிறது. விழுந்த பல்லைத் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார்களா, காகிதத்தில் மடித்து அலமாரி மூலையில் வீசியிருந்தார்களா என்பது அவருக்கு வாசனையிலேயே தெரிந்துவிடும். காய்ந்துபோன பல் ரம்பத்தில் வைத்ததும் விரிசல் விடும். அப்படிப்பட்டதை ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுத்தான் தொடுவார். கொல்கத்தாவில் ஒரு பல் மருத்துவமனையின் இரண்டாவது மாடி ஆய்வுக்கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. பல்லை அறுப்பது, தேய்ப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது.

அப்பா அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து ஹவுராவில் தங்கிவிட்டவர். உத்தமன் பிறந்தது, படித்தது, ஐ.டி.ஐ. முடித்தது எல்லாம் ஹவுராவில்தான். வங்காளம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலில் ஒரு வார்ப்பாலையின் சோதனைக்கூடத்தில் இரும்புத் துண்டுகளைப் பளபளவென்று தேய்த்து மைக்ராஸ்கோப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆலையை மூடியதும் இரும்பிலிருந்து பல்லுக்கு வந்தார். இரும்பை அதிகமாகத் தேய்த்துவிட்டால் இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ளலாம், பல்லில் அந்தப் பேச்சே கிடையாது என்று மாணவர்களிடம் சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் தொனிக்கும். அந்தக் கட்டிடத்தில் அவரைப்போலத் தேய்க்க வேறு யாருக்கும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் நன்றாகவே தெரியும்.

பல்லின் மேற்பூச்சுக்கு எனாமல் என்று பெயர். உடம்பு அதை ஒரே ஒரு முறைதான் செய்கிறது. செய்கிற செல்கள் வேலை முடிந்ததும் அழிந்துபோகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமல் போனால் போனதுதான். அது வளரும் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு என்று படிகிறது, தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு. பல்லைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினால் அந்த அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். குழந்தை பிறந்த நாளில் ஒரு தடித்த கோடு விழுகிறது. அதற்கு ஒரு பக்கம் வயிற்றுக்குள் இருந்த நாட்கள், மறுபக்கம் வெளியே வந்த பிறகு உள்ள நாட்கள். பிறகு கடுமையான காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னொரு கோடு கறுத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய கோடுகளை எண்ணினால், பிறந்து எத்தனையாவது நாளில் அந்தக் குழந்தை நோயில் விழுந்தது என்று சொல்லிவிடலாம்.

உண்மையிலேயே சொல்லிவிட முடியுமா என்பதுதான் அங்கே பேராசிரியரான ரோஹிணி மேடம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. அவர் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாகக் கொல்கத்தா. உத்தமனை வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்து உத்தம்தா என்றுதான் கூப்பிடுவார். ஒன்பது, பத்து வயதில் விழுகிற கோரைப் பற்களையும் கடைவாய்ப் பால்பற்களையும் சேகரிக்க வேண்டும். குழந்தை என்று பிறந்தது என்பதைப் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தும், முதல் வருடத்தில் எப்போது பெரிதாக நோய்ப்பட்டது என்பதைத் தாயிடம் கேட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பல்லில் எண்ணிப் பார்த்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். எண்ணுகிறவருக்குத் தாய் சொன்ன தேதி தெரியக் கூடாது. எண்ணுவது உத்தமன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பல் சேகரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

வங்காளத் தாய்மார்கள் விழுந்த பல்லை எலி வளையில் போடுவார்கள். எலியின் பல்லைப்போலப் பிள்ளைக்கு உறுதியான பல் முளைக்கும் என்று நம்பிக்கை. ஆராய்ச்சிக்குக் கொடு என்றால் எந்தத் தாய் கொடுப்பாள்? மாணவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்கள். கடைசியில் அந்தக் காரியத்தைச் சாதித்தது உத்தமனின் மனைவி வசந்தி.

வசந்தி அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி ஹவுராவுக்கு வந்தவள். குழந்தை இல்லை. அதே மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் ஒப்பந்தத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். டாக்டர் பல்லைப் பிடுங்கும்போது பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்வது, வாந்தி எடுத்தால் துடைப்பது, தரை கழுவுவது எல்லாம் அவள் வேலை. வாய் நீளம். வார்டில் யாராவது வரிசையை மீறி நுழைந்தால் வசந்தியின் வங்காளம் படிக்கட்டு வரை கேட்கும். அந்த வங்காளத்தில் இலக்கணம் கிடையாது, பயமும் கிடையாது. ஆனால் கிராமத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலை ரயிலில் வந்து நிற்கும் தாய்மார்களுக்கு அவள்தான் தீதி, அக்கா. பல்லைக் கொடு, எலியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள்.

ரோஹிணி மேடம் இதைக் கவனித்து ரெஜிஸ்டரையே வசந்தியிடம் ஒப்படைத்தார். நீல அட்டை போட்ட பெரிய நோட்டு. பல் எண், பிறந்த தேதி, நோய் வந்த தேதி, என்ன நோய் என்று கட்டங்கள். தேதிகளை ஆங்கிலத் தேதியாகவே எழுத வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அந்த நோட்டை என்ன பாடு படுத்தினாள் என்கிறீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டாள். தனியாகப் பேனா வாங்கினாள், அதை வேறு யாருக்கும் தரமாட்டாள். கட்டுரை அச்சாகும்போது கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் இரண்டு பேர் பெயரும் வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். அன்று மாலை படகில் ஹூக்ளியைத் தாண்டும்போது அவள் உத்தமனிடம் அதை நான்கு முறை சொன்னாள். அவள் பெயர் அதுவரை அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையிலும் ரேஷன் கார்டிலும்தான். ரேஷன் கார்டில் வந்ததும் தப்பு. வங்காளத்தில் அவளைப் பாசொந்தி ஆக்கியிருந்தார்கள்.

இரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று பற்கள் சேர்ந்தன. நடுவில் ஊரடங்கு வந்து வேலை தடைப்பட்டது. அதன் பிறகு உத்தமன் ஒவ்வொன்றாக அறுத்து, தேய்த்து, படமெடுத்து, திரையில் ஒவ்வொரு பல்லையும் மூன்று முறை எண்ணினார். முதல் எண்ணிக்கையை எழுதி மூடிவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் இரண்டாவதை ஆரம்பிப்பார். மூன்றும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கோட்டுக்குள் வந்தால்தான் கொடுப்பார்.

ஒரு பிப்ரவரி மாதம் மேடம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பத்தொரு பற்களில் எண்ணிக்கையும் தேதியும் ஒத்துப்போயிருந்தன. மீதி இருபத்திரண்டில் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஒன்றில் இருபத்தொன்பது கோடு குறைவு, இன்னொன்றில் முப்பத்திரண்டு, பெரும்பாலானவற்றில் முப்பது. எல்லாம் ஒரே பக்கமாகத் தவறியிருந்ததால், எண்ணும்போது கோடுகள் விட்டுப்போயிருக்குமோ என்று மேடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். கண்ணை ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளலாமே என்றும் சொன்னார். அறையில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள்.

உத்தமனுக்குச் சுருக்கென்றது. தன் கண்ணைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண் கெட்டிருந்தால் அறுபத்து மூன்றும் தவறியிருக்க வேண்டும், நாற்பத்தொன்று எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"எண்ணினதுல தப்பில்ல மேடம். ரெஜிஸ்டரைப் பாருங்க" என்றார்.

ரெஜிஸ்டரை எழுதியவள் யார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வசந்தியைக் கூப்பிட்டு விட்டார்கள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு மாதம் தள்ளித் தள்ளி எழுதியிருக்கிறதே, எப்படி என்று மேடம் கேட்டார். வசந்தி நோட்டைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்று மட்டும் சொன்னாள்.

காரணம் தெரியாமல் தேதியைத் திருத்துவது ஆராய்ச்சி ஆகாது. இருபத்திரண்டு பற்களையும் விலக்கிவிட்டு மீதியை வைத்துக் கட்டுரை எழுதினார்கள். மூன்றில் ஒரு பங்கு தப்பான பதிவை எழுதியவருக்கு நன்றி சொல்வது சரியாக இருக்காது என்பதால் நன்றிப் பட்டியலிலிருந்து வசந்தியின் பெயரும் போயிற்று. ரெஜிஸ்டர் ஒரு மாணவனிடம் போயிற்று. வசந்தி வாளியும் துடைப்பமுமாகக் கீழே போனாள். உத்தமனுக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் தன் கண் பிழைத்ததே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை ஒளிப்பானேன்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்ன வார்த்தைதான் மோசம். அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். மாணவர்கள் முன்னால் தலை குனிய வைத்துவிட்டாய் என்று ஆரம்பித்தவர், வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போனார்.

"பத்தாவது தாண்டாதவளுக்கு ரெஜிஸ்டர் எதுக்கு?" என்றார்.

வேறு நாளாக இருந்தால் வசந்தி ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று அடுப்பை அணைத்துவிட்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் தானாகவே போட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவள் பேனாவைத் தொடவில்லை. மளிகைச் சாமான் பட்டியல் வேண்டுமென்றால் அவள் சொல்வாள், அவர் எழுத வேண்டும். தங்கைக்குப் பார்சல் அனுப்பினால் மேல்விலாசத்தை அவர் எழுத வேண்டும். கேஸ் சிலிண்டர் வந்த தேதியைச் சுவர்க் காலண்டரில் குறிப்பது அவள் வழக்கம், அதையும் விட்டுவிட்டாள். மற்றபடி பேச்சு, சமையல், படகில் போவது வருவது எல்லாம் முன்போலத்தான் நடந்தது. கோபம் நாளாக நாளாகத் தணிந்துவிடும் என்று உத்தமன் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

செப்டம்பரில் அவளுக்கு டெங்கு வந்தது. அந்த வருடம் அவர்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். மூன்று நாள் வீட்டில், மூன்று நாள் ஆஸ்பத்திரியில். ஆறாவது நாள் காலை வசந்தி செத்துப்போனாள். ஐம்பத்து மூன்று வயது. நீம்தலா சுடுகாட்டில் வரிசை நீளமாக இருந்தது. அரக்கோணத்திலிருந்து தங்கை வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இது நடந்து ஒரு வருடம் ஆகி அடுத்த நவம்பர் வந்தது. மாடிக் குடித்தனத்துக்குப் புதிதாகக் கல்யாணமான ராகுலும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். பதினேழாம் தேதி காலை அவர்கள் வாசலில் ஒரு கார்த்திக் பொம்மை இருந்தது. மயில்மேல் உட்கார்ந்து மீசை முறுக்கிய களிமண் சாமி. புது ஜோடியின் வாசலில் நண்பர்கள் கார்த்திக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடுவது இங்கே வழக்கம். வைத்துவிட்டால் அந்த வீட்டில் பூஜை செய்தே ஆக வேண்டும், குழந்தை பிறக்கும் என்பார்கள். உத்தமனுக்கும் வசந்திக்கும்கூடக் கல்யாணமான வருடம் வைத்தார்கள். நம்ம முருகன்தானே வந்திருக்கிறார் என்று அவள் சர்க்கரைப் பொங்கல் செய்தாள்.

ராகுலிடம் பூஜைச் சாமான் ஒன்றும் இல்லை. சாயங்காலம் உத்தமனிடம் வந்து விளக்கு கேட்டான். அவர் வசந்தியின் குத்துவிளக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். புரோகிதர் வந்ததிலிருந்து பரபரத்துக்கொண்டிருந்தார். இன்னும் நான்கு வீடு பாக்கி, இன்றைக்கு விட்டால் கிடையாது, கார்த்திக் மாதம் இன்றோடு முடிகிறது என்றார்.

உத்தமன் சிரித்தார். அன்று காலைதான் அவர் தினசரிக் காலண்டரில் தாள் கிழித்திருந்தார். கார்த்திகை ஒன்று. அக்கா மகன் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு போட்டோ வேறு அனுப்பியிருந்தான். முடியவில்லை தாக்கூர்மஷாய், இன்றைக்குத்தான் பிறக்கிறது என்று வங்காளத்தில் சொன்னார். புரோகிதர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து பஞ்ஜிகையை, வங்காளப் பஞ்சாங்கத்தை, எடுத்துப் பிரித்துக் காட்டினார். கார்த்திக் கடைசி நாள். நாளைக்கு அக்ரஹாயண் ஒன்று.

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடியே நின்றார். பெயர் ஒன்று, மாதம் வேறு. இவர்களுடைய கார்த்திக் முடிகிற நாளில் நம்முடைய கார்த்திகை பிறக்கிறது. நடுவில் ஒரு மாதம். முப்பது நாள்.

அந்தப் படிக்கட்டில் இறங்கும்போதே அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ரெஜிஸ்டர் கைக்கு வந்த முதல் வாரம். ஞாயிற்றுக்கிழமை. அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். வசந்தி நோட்டும் தமிழ்க் காலண்டருமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். டவுன் தாய்மார்கள் ஆங்கிலத் தேதி சொல்லிவிடுகிறார்கள், கிராமத்திலிருந்து வருகிறவர்கள் கார்த்திக், சோய்த்ரோ என்று மாதப் பெயர்தான் சொல்கிறார்கள், அதெல்லாம் எந்த மாதம் என்று கேட்டாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்று அவரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நம்ம மாசம்தான். கார்த்திக்னா கார்த்திகை, சோய்த்ரோன்னா சித்திரை, போய்ஷாக்னா வைகாசி. பேரைக் கேட்டா தெரியல?" என்று சொன்னார்.

அவள் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு தமிழ்க் காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதி போட்டாள். இந்த மனிதர் ஐம்பது வருடமாக ஒவ்வொரு ஏப்ரலும் பக்கத்து வீட்டாருக்குப் பொய்லா போய்ஷாக் என்று வங்காளப் புத்தாண்டு வாழ்த்து சொல்லி இனிப்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அதே நாளில் தன் வீட்டில் சித்திரை முதல் தேதி கொண்டாடியிருக்கிறார். போய்ஷாக்கும் சித்திரையும் ஒரே நாளில் பிறக்கும்போது போய்ஷாக் எப்படி வைகாசி ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு கோடு விட்டுப்போகாமல் எண்ணுகிறவர்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் தன் பழைய நோட்டையும் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விலக்கிய இருபத்திரண்டு பற்களிலும் நோய் வந்த தேதியை ஒரு மாதம் முன்னதாக வைத்துப் பார்த்தார். ஒரு நாள் வித்தியாசம், இரண்டு நாள் வித்தியாசம், சிலவற்றில் அச்சாக ஒத்துப்போயிற்று. வசந்தி ஒரு தாய் சொன்னதைக்கூடத் தப்பாகக் கேட்கவில்லை. ஒரு கட்டத்தைக்கூடக் கவனமில்லாமல் நிரப்பவில்லை. அந்த நோட்டில் இருந்த ஒரே தப்பு உத்தமன் சொன்னது. அதற்கான தண்டனையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவரும் உத்தமன்தான்.  குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதார். மாணவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள்.

ரோஹிணி மேடத்திடம் சொல்லிவிட வேண்டும். அவள் பேரில் தப்பில்லை என்று சொல்ல வேண்டும், அந்தப் பெயரை அச்சில் ஏற்ற வேண்டும். செத்தவளுக்கு அதனால் என்ன என்று தோன்றியது. ஆனாலும் அவருக்குச் செய்ய வேறு ஒன்றும் மிச்சமில்லை. மதியம் மேடம் சாப்பிட்டு முடிக்கும் வரை வாசலில் காத்திருந்துவிட்டு உள்ளே போனார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கார்த்திக் வேறு, கார்த்திகை வேறு என்று ஆரம்பித்தார். சவரம் செய்துகொண்டிருந்தது, அவள் கேட்டது, தான் சொன்னது, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.

மேடம் சாப்பாட்டு டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தார். 

"மாசம் மாறினது எனக்குத் தெரியும் உத்தம்தா" என்றார். "வசந்தி தீதியே வந்து சொன்னாங்க."

உத்தமனுக்கு முதலில் புரியவில்லை. எப்போது என்று கேட்டார். போன வருடம் ஆகஸ்டில், இருபத்திரண்டாம் தேதி என்றார் மேடம். அந்த வாரம் வார்டில் ஒரு தாய் ஷ்ராபோன் முடிந்துவிட்டது, பாத்ரோ பிறந்துவிட்டது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். வசந்தி கணக்கில் ஷ்ராபோன் என்றால் ஆவணி. ஆவணியோ அப்போதுதான் பிறந்திருந்தது. அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கே இருந்த ஏழெட்டுத் தாய்மார்களிடம் பன்னிரண்டு மாதங்களையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு நேரே மேடத்திடம் வந்து விளக்கினாள். அந்த இருபத்திரண்டு பற்களில் எட்டுக் குழந்தைகளின் ஆஸ்பத்திரிச் சீட்டு மேடத்துக்கு அப்புறம் கிடைத்தது. எட்டிலும் தேதி வசந்தி சொன்ன கணக்குப்படிதான் இருந்தது. இருபத்திரண்டு பற்களையும் சேர்த்து இரண்டாவது கட்டுரை தயாராகிவிட்டது, ஜனவரியில் வருகிறது, நன்றிப் பகுதியில் வசந்தியின் பெயர் முதலில் இருக்கிறது.

அவர் கேட்க வந்தது எல்லாம் கேட்பதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அவருக்கு அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை.

"என்கிட்ட ஏன் மேடம் சொல்லல?"

மேடம் தயங்கினார். வசந்தி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அவள் போன பிறகு தனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். உத்தமன் விடவில்லை. என்ன சொன்னாள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் மேடம் அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே சொன்னார்.

"அவருக்குத் தெரிஞ்சா உடனே மன்னிப்பு கேட்டுடுவாரு மேடம். அவர் கேட்டா நான் சரின்னு சொல்லணும். எனக்கு இப்ப சரின்னு சொல்ல மனசு வரல. கொஞ்ச நாள் போகட்டும், நானே சொல்லிக்கிறேன்."

உத்தமன் இப்போது உட்கார்ந்தார்.  பிறகு ஒன்று கேட்டார்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். ரோஹிணிக்கு அது தோன்றாமல் இல்லை.

"இல்ல உத்தம்தா. கோவமாத்தான் சொன்னாங்க."

உத்தமன் தலையை ஆட்டினார். இருபத்திரண்டாம் தேதிக்கும் அவள் படுக்கையில் விழுந்ததற்கும் நடுவில் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். அத்தனை நாளும் இது தன் தப்பில்லை, அவருடையது என்று தெரிந்துகொண்டே அவள் அவருக்குச் சோறு போட்டிருக்கிறாள், பட்டியல் எழுதச் சொல்லியிருக்கிறாள், படகில் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். மனசு எப்போது வரும் என்று அவளே பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் மதியம் ஆஸ்பத்திரியில் அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வாய் அசைந்தது. உதடு வறண்டிருந்தது, தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து ஸ்பூனில் ஊட்டினார். இரண்டு ஸ்பூன் குடித்தாள். மூன்றாவதை வேண்டாம் என்று கையால் தள்ளினாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவள் பேசவில்லை. அன்று அவள் கேட்டது தண்ணீர்தானா என்பது அவருக்கு இனித் தெரியப்போவதில்லை.